ஒயிலரும் ஒரு பத்து இலக்க எண்ணும்

2,147,483,647 என்னும் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு! இரண்டின் 31ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தாற் கிடைப்பது இது. ஒன்றினாலும் தன்னாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத முதன்மை எண்.

இதனை முதன்மை எண்ணென்று முன்னரே கூறியவர் இத்தாலியரான கத்தால்டி. ஆயின், சுட்டி 23, 29, 37 ஆக வரும் எண்களையும் அவர் அவ்வாறே கூறினார், அம்மூன்றும் பொய்த்தன. எனவே அவர் வாக்கை நம்பியிருத்தல் தகாது. கணித்தே காட்டல் வேண்டும்.

கணிப்பது எங்ஙனம்? இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46,341 இற்குச் சற்றே குறைவு. அதற்குட்பட்ட முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதாயின் ஏறத்தாழ 4,800 வகுத்தல்கள். பொறியின் துணையின்றி இதைச் செய்யப் பொறுமை எவர்க்குண்டு?

ஒயிலர் வேறு வழி கண்டார். சிறிய எண்ணொன்றைக் கொண்டு மாணவர் அதனை விளங்கிக் கொள்ளலாம். இரண்டின் 11ஆம் வலுவில் ஒன்று குறைய 2,047. அது 23 ஐ 89 ஆற் பெருக்கிய பெருக்கம். 23, 89 இரண்டையும் 22 ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி ஒன்றே. 22 என்பது சுட்டியின் இருமடங்கு. இது தற்செயலன்று, இத்தகைய எண்களின் முதன்மைக் காரணிகள் யாவும் இவ்விதிக்கு அடங்கியவை. இதனோடு மற்றுமொரு விதியையும் சேர்த்து நோக்கின், நமது பெரிய எண்ணை வகுக்கத்தக்கது எதுவாயினும் 248 ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வரல் வேண்டும். வகுத்தல்கள் 372 இற்கு மேற்படா! எதனாலும் அது வகுபடவில்லை. 1772இல் இம்முடிவு வெளிவந்தபோது ஒயிலருக்கு வயது அறுபத்தைந்து. கண்பார்வையும் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தது.

1811இல் ஆங்கிலேயரான பீற்றர் பார்லோ, இவ்வெண்ணாற் பெறப்படும் நிறைவெண்ணே இனி என்றும் மிகப் பெரியதாக நிற்குமென எழுதினார். (தன் சிறிய காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமானது நிறைவெண், 6 அத்தகையது.) பயனற்ற வேடிக்கைக்காக அதற்கப்பால் தேடுவார் யார் என்பது அவர் எண்ணம். தேடுவோர் இருந்தனர். 1876இல் பிரெஞ்சுக்காரரான லூக்கா 39 இலக்க முதன்மை எண்ணொன்றைக் கையாற் கணித்தே நிறுவினார். 2024 ஒக்டோபரில் கண்டறியப்பட்டதற்கோ நான்கு கோடியே பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட இலக்கங்கள்!

பயனில்லை என்ற தீர்ப்பும் நிலைக்கவில்லை. கணினிகள் எழுந்தமான எண்களை ஆக்குவதற்கு ஒயிலரின் எண் பெரிதும் பயன்பட்டது. அங்கு அதன் முதன்மைத் தன்மையே துணை. மற்றோரிடத்தில் அது வெறும் எல்லைக்கல். பழைய கணினிகள் பல 1970 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து விநாடிகளை எண்ணி நேரங் காண்பன. அவற்றுக்கு எண்ணக்கூடிய உச்சம் இவ்வெண்ணே. 2038 ஜனவரி 19ஆந் திகதி, இலங்கை நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அவ்வுச்சம் வரும். அதற்குமுன் திருத்தப்படாத கணினிகளிற் பல, மறு விநாடியில் 1901 டிசெம்பர் மாதத்தைக் காட்டும்.