முதுமையில் வேனிற்காலத் தோட்டம்

மாசி பிறந்ததும் இரத்மலானையின் கடலோர மணல் நிலம் காய்ந்து வெளுக்கத் தொடங்கும். பங்குனியிலும் சித்திரையிலும் முற்பகல் பத்து மணிக்கே வெறுங்காலுடன் முற்றத்தில் நிற்க இயலாது. அந்த மணலிலேதான், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சிறிய வளவுகளில், உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய முதியோர் சிலர் பாகலும் புடலையும் பசளியும் வளர்த்து வருகின்றனர்.

இவர்களுள் ஒரு பகுதியினர் வடபுலத்தில் பிறந்து, போர்க்காலத்திலோ அதற்கு முன்னரோ இங்கு வந்து பிள்ளைகளோடு குடியிருப்பவர்கள். செம்பாட்டு மண்ணும் கிணறும் துலாவும் கண்டு வளர்ந்த கண்ணுக்கு, மதிலோரத்துப் பத்தடி மணல் தோட்டமாகவே தோன்றாது. அவர்கள் அறிந்த பருவக் கணக்கும் இங்கே பிழைத்துப் போகிறது. யாழ்ப்பாணத்தில் வைகாசி முதல் ஆவணி வரை சோளகக் காற்று வறண்டு வீசும். ஐப்பசி, கார்த்திகையிலேதான் மழையை எதிர்பார்க்கலாம். அதே சோளகம் கொழும்புப் பக்கத்தில் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து வைகாசியில் பெருமழையாகக் கொட்டுகிறது. தென்மேற்கிலும் மலைநாட்டிலும் ஈரத்தை இறக்கிவிட்ட பின்னரே அது வடக்கே செல்கிறது. பழந்தமிழ் இலக்கண நூலோர் ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்று வகுத்தனர். இரத்மலானைவாசிக்கோ அவை குடையை மறக்கக் கூடாத மாதங்கள். எனவே இங்கு வேனிற் பயிருக்குக் கிடைப்பது தையின் கடைசி முதல் சித்திரையின் முடிவு வரையுள்ள மூன்று மாதமே.

அம்மூன்று மாதத்துக்குப் பாகலும் புடலையும் நன்கு பொருந்தும். மணலில் நீர் தங்காது என்பதுதான் முதற் குறை. குழியின் அடியிலே பொச்சுமட்டைகளை உட்புறம் மேல்நோக்க அடுக்கி, அவற்றின்மேல் எருவும் மண்ணும் இட்டு நிரப்பினால், மட்டை குடித்த நீரை வேர் சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்ளும். அரிசி கழுவிய நீரையும் வீணாக்க வேண்டியதில்லை. கொடி ஏறி ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூக்கும். முதலில் வருவன பெரும்பாலும் ஆண் பூக்களே. பூத்தும் காய்க்கவில்லையே என்று பலர் மனம் சோர்வது இந்தக் கட்டத்திலேதான். பின்னர் ஒரு காலையில், இதழுக்குப் பின்னே விரல் நுனியளவு பிஞ்சைத் தாங்கியபடி பெண் பூ தோன்றும். அதைக் கண்டவர் அன்று வீட்டாரை ஒருவர் பின் ஒருவராக அழைத்துக் காட்டாமல் இருக்கமாட்டார்.

புடலையின் பூ மாலை மயங்கியபின் விரியும். நூலாகக் கிழிந்த வெள்ளை இதழ்களையுடையது. பகலெல்லாம் வேலைக்குச் சென்றிருந்த மகனும் மருமகளும் காணக்கூடியது அதுவே. காய் வளையாது நீளும்பொருட்டு அதன் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுதல் பழைய வழக்கம். கல்லைத் தேடிக் கொண்டுவருவது பேரப்பிள்ளைகளின் உரிமை. முதியவர் முடிச்சை மட்டும் போடுவார்.

முப்பது ஆண்டுகள் காலை ரயிலுக்கு விரைந்த ஒருவருக்கு, இளைப்பாறிய மறுவாரமே காலைப் பொழுது பெருஞ்சுமையாகிவிடுகிறது. எழுந்திருப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. வேனிற்காலத்துக் கொடி அதைத் தருகிறது. காலை ஆறரை மணிக்கு நீர் ஊற்றாவிட்டால் நண்பகலில் இலை துவண்டுவிடும். அதைக் கவனிப்பதற்கு வீட்டில் வேறு எவரும் இல்லை. மழைக்காலத் தோட்டத்துக்கு இந்த உறவு கிடையாது. அது தன்பாட்டில் வளரும்.

அவுஸ்திரேலியாவின் டப்போ என்னும் ஊரில் 60 வயதைக் கடந்தோரைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், நாள்தோறும் தோட்டவேலை செய்தோரிடையே மறதிநோய் வரும் அபாயம் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்திருந்ததென 2006இல் எழுதினர். உடல்நலமுள்ளவர்தாமே மண்வெட்டியை எடுக்கிறார் என்ற ஐயம் எழுவது நியாயமே. ஆயினும் இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேர், ஆதலின் இச்செய்தியை எளிதிற் தள்ளிவிட முடியாது.

உடலை அறிந்து வேலை செய்தல் அவசியம். குந்தியிருந்து களை பிடுங்குவதிலும், கீரைச் சாடிகளை இடுப்பளவு வாங்கின்மேல் வைத்துக்கொள்வது நன்று. ஒரு கையில் நிறைவாளி தூக்குவதைவிட இரு கைகளிலும் அரைவாளியாகக் கொண்டுபோகலாம். ஒன்பது மணிக்குமேல் நிழலுக்கு வந்துவிட வேண்டும். இன்னொன்று, இது அண்டைவீட்டாருக்கும் உரியது: சாடிகளின் கீழுள்ள தட்டுகளில் தேங்கும் நீரிலே டெங்கு நுளம்பு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை நுளம்பாகிவிடும். 2017இல் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேற்பட்டோர் அந்நோயினால் வருந்தினர். சனிக்கிழமைதோறும் தட்டுகளைக் கவிழ்த்துவிடுபவருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வருகை அச்சம் தராது.

2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியதும் எவரும் மறவார். 2022 யூன் மாதத்தில், வீட்டுத்தோட்டம் செய்யும்படி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே அளிக்கப்பட்டது. விதையை எத்தனை ஆழத்தில் ஊன்றுவது என்று கேட்டு, முதியவர்களின் படலையைத் தட்டினர் இளைஞர். பொழுதுபோக்கென்று வீட்டார் சிரித்த கொடியிலிருந்து அப்போது கறிக்குக் காய் பறிக்கப்பட்டது.

சித்திரை முடிவில் பிற்பகல்தோறும் இடி முழங்கும். கடைசிப் புடலங்காயைப் பறியாமல் கொடியிலேயே சிவக்க விட்டு, விதையைக் கழுவி நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டிப் போத்தலில் அடைப்பர். போத்தலின்மேல் ஒட்டும் துண்டில் ஆண்டு எழுதப்படும். வைகாசி மழை வந்து பந்தலைச் சாய்க்கும்போது, போத்தல் குசினித் தட்டில் ஏறியிருக்கும்.