வயிற்று வலியா, மனசு வலியா?

"டாக்டர், பையனுக்குத் தினமும் காலையில வயித்து வலி. லீவு நாள்ல மட்டும் வர்றதில்லை. ஸ்கூலுக்குப் போகாம ஏமாத்தறானோ?"

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனோடு வந்த ஓர் அம்மா இப்படிக் கேட்டார். ஞாபக சக்திக்கு வல்லாரை லேகியமும் வேண்டுமாம். நாடி பார்த்தேன், வயிற்றை அழுத்திப் பார்த்தேன். கோளாறு எதுவும் தெரியவில்லை. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, நண்பர்களோடு பேசப் பிடிக்கவில்லை, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு... மெல்ல மெல்லச் சொன்னான்.

பல வருடங்களுக்கு முன் இதே நிலையில் வந்த ஒரு மாணவிக்கு மாதக்கணக்கில் லேகியம் கொடுத்தே காலம் கடத்தியவன் நான். அவள் படிப்பில் ஒரு வருடம் வீணாயிற்று. அந்தத் தவறை மறுபடி செய்யக் கூடாதல்லவா?

"முதல்ல மனநல டாக்டரைப் பாருங்கம்மா" என்றேன்.

"ஐயோ, பைத்தியம்னு பேர் வந்துடாதா?"

இந்தப் பயம்தான் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கிறது. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் சுமார் மூன்று பேர்!

எங்கே போவது என்கிறீர்களா? மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே கிளம்பத் தயக்கமா? 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மனஸ்' சேவைக்கு 14416-ல் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

போனதுமே மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். பல பிள்ளைகளுக்குக் கவுன்சலிங்கே போதும். மருந்து கொடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எங்கள் சூரணத்தையோ லேகியத்தையோ அதற்கு மாற்றாகக் கொடுக்கவும் கூடாது.

பிள்ளை "செத்துடலாம் போல இருக்கு" என்றால், "சும்மா மிரட்டறான்" என்று தள்ளாதீர்கள். தனியே விடாமல், மாத்திரை, பூச்சி மருந்து எல்லாம் எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

அந்தப் பையன் இப்போது ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறான். அம்மா கடைசிவரை லேகியம் வாங்கவே இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை!