சிவிங்கியின் மீட்சி

ஒட்டகச்சிவிங்கி என்னும் பெயரை அறியாதார் நம்மில் இலர். ஆயின் அப்பெயரின் பிற்பகுதியாகிய சிவிங்கி யாதென வினவின் விடை பகர்வோர் மிகச் சிலரே. சிறுத்தையினும் மெலிந்த உடலும் நெடிய கால்களும் கரும்புள்ளிகளும் உடையதாய், கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்த்தாரைபோற் கருங்கோடு ஓடப்பெற்றதாய், நிலத்தில் ஓடும் விலங்குகளுள் விரைவின் மிக்கதாய் விளங்குவது அது. பெயர் மட்டும் வேறொரு விலங்கின் பெயருக்குள் ஒட்டி வாழ, பெயருக்குரிய விலங்கு நம் நாட்டில் மாய்ந்தொழிந்தது.

மாய்ந்தமைக்கு வேட்டை ஒன்றே காரணமன்று. முகலாய மன்னர் இதனைப் பிடித்து மான்வேட்டைக்குப் பழக்கினர். அக்பர் ஆயிரம் சிவிங்கிகளை வைத்திருந்தார் என்பர். கட்டுண்ட நிலையில் இவ்விலங்கு குட்டி ஈனுதல் மிக அரிது. ஆதலின் இறந்தவற்றிற்கு ஈடாகக் காட்டிலிருந்தே மீண்டும் மீண்டும் பிடிக்க வேண்டியதாயிற்று. புல்வெளிகளும் நாளடைவிற் கழனிகளாயின. 1947இல் கொரியா நாட்டரசர் சுட்டு வீழ்த்திய மூன்றே இறுதிச் சிவிங்கிகள் என்று பெரும்பாலோர் கருதுவர். 1952இல் இவ்வினம் நாட்டில் அற்றுப்போயிற்றென அரசினர் அறிவித்தனர்.

ஆசியச் சிவிங்கி இப்பொழுது ஈரானில் மட்டும் மிகச் சிலவாய் எஞ்சியுள்ளது. அந்நாட்டோடு நிகழ்ந்த பேச்சுகள் பயன் தரவில்லை. ஆகவே இந்தியா ஆப்பிரிக்காவை நாடிற்று. நமீபியாவினின்று எட்டுச் சிவிங்கிகள் 2022 செப்டம்பர் 17ஆம் நாள் வானூர்தியில் வந்து, மத்தியப் பிரதேசத்துக் கூனோக் காட்டில் விடப்பட்டன. தென்னாப்பிரிக்கா 2023 பெப்ருவரியிற் பன்னிரண்டு தந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், புலி, சிங்கம், சிவிங்கி முதலிய எழுவகைப் பெரும்பூனைகளைக் காத்தற்குப் பன்னாட்டுக் கூட்டணி ஒன்றும் மைசூரில் தொடங்கப்பெற்றது.

நிற்க. அரசுகள் உடன்பட்டன, விலங்கின் உடல் உடன்பட்டதோ? நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம். நமக்கோ அது மழைக்காலம். கடல் கடந்து வந்தும் சிவிங்கியின் உடல் தன் நாட்டுப் பஞ்சாங்கத்தை மறக்கவில்லை. வாராத குளிரை எதிர்நோக்கித் தடித்த மயிர் வளர்த்தது. இருக்குமிடம் அறிதற்குக் கழுத்தில் இட்ட வானொலிப் பட்டையின்கீழ் மழைநீர் உலராது தங்கிற்று, தோல் புண்ணாயிற்று, ஈக்கள் முட்டையிடப் புழு நெளிந்தது, நஞ்சு குருதியிற் கலந்தது. இங்ஙனம் 2023இன் மழைக்காலத்திற் சில இறந்தன. எஞ்சியவற்றைப் பிடித்துப் பட்டை களைந்து மருத்துவம் செய்தனர். உரிய காலத்தில் தமக்குச் செய்தி தெரிவிக்கப்படவில்லை என்று ஆப்பிரிக்க வல்லுநர் சிலர் குறைகூறினர்.

இதனை முன்னரே எண்ணியிருத்தல் ஆகாதோ என இன்று கேட்பது எளிது. எனினும் வடபாற் பருவத்துக்கும் தென்பால் உடலுக்கும் உள்ள இம்முரணை முன்பு கண்டு தேர்ந்தவர் அரியர். விலங்கைத் தருதலினும் அதனைப்பற்றிய அறிவைத் தடையின்றித் தருதலும் கேட்டுப் பெறுதலுமே நாடுகளிடை அரிய உதவி என்பது என் துணிபு.

நமீபியாவிலிருந்து வந்த தாயொன்று 2023 மார்ச்சில் நான்கு குட்டிகளை ஈன்றது. மே மாத வெப்பத்தில் மூன்று மடிந்தன. நான்காவதை மனிதரே வளர்த்தனர். முகி என்னும் அப்பெண்குட்டி வளர்ந்து, 2025 நவம்பரில் ஐந்து குட்டிகளுக்குத் தாயாயிற்று.