கறுப்பு மெஷினும் கால் அங்குலத் தையலும்

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே சிறு சிறு துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த முகப்பு. நடுவே பஞ்சுப் படலம். அடியில் ஒரே துணி. மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராதபடி பரப்பு முழுவதும் தையல் ஓட்டினால்தான் அது போர்வையாகும். அமெரிக்க வீடுகளில் ஆழமாக வேரூன்றிய இந்தக் கைத்தொழில், இன்று பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பல நாடுகளில் பெரும் ஈடுபாட்டோடு நடக்கிறது. நூறு வகைத் தையல் போடும் கணினி மெஷின்கள் கடையில் இருக்கும்போதும், இவர்களில் பலர் எழுபது எண்பது ஆண்டு பழைய கறுப்பு இரும்பு மெஷினைத் தேடிப் போகிறார்கள். பழமை மீதுள்ள பாசம் ஒரு காரணம்தான். அதைவிட வலுவான காரணம் தையலிலேயே இருக்கிறது.

துண்டுகளை இணைக்கும்போது விளிம்பிலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைப்பது குவில்ட் தையலின் அடிப்படை விதி. எட்டுத் துண்டுகள் கொண்ட ஒரு வரிசையில் ஏழு தையல்கள் வரும். ஒவ்வொன்றிலும் அந்தக் கால் அங்குலம் வெறும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிப்போனாலும், தையலின் இருபுறத்தையும் சேர்த்தால் வரிசை முக்கால் அங்குலத்துக்கு மேல் குறுகிவிடும். பக்கத்து வரிசையோடு முனைகள் சேராது. ஜிக்ஜாக் மெஷினில் ஊசி இடமும் வலமும் ஆட வேண்டும் என்பதால் ஊசித்தட்டில் அகலமான பிளவு இருக்கும். மெல்லிய துணியின் முனையை ஊசி அந்தப் பிளவுக்குள் தள்ளிச் சுருட்டிவிடும். நேர்த்தையல் மட்டுமே தெரிந்த பழைய மெஷினில் ஊசிக்கென்று ஒரே ஒரு சிறு வட்டத் துளை. ஊசி இறங்கும் கணம் வரை துணியைச் சுற்றிலும் தட்டு தாங்கிக்கொள்கிறது. ஊசித்தண்டும் பக்கவாட்டில் அசைய வழியில்லை. அதனால் தையல் கோடு பிசகாமல் போகிறது. பல பழைய மெஷின்களில் பின்னோக்கித் தைக்கும் வசதி கிடையாது. ஒரு தையலின் நுனியை அடுத்த தையல் குறுக்கே கடந்து பூட்டிவிடுவதால் துண்டு இணைப்பதற்கு அது பெரிய குறையும் இல்லை.

ஒரு பழைய மெஷினை இனம் காண முதலில் பார்க்க வேண்டியது அடிநூல் எங்கே, எப்படி இருக்கிறது என்பதைத்தான். மேலே மின்னும் பொன்வண்ணக் கோலங்கள் கண்ணைக் கட்டிவிடும். ஒரே கோலம் பல மாடல்களில் வந்திருக்கிறது. அடிநூல் அமைப்பு பொய் சொல்லாது. எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற பூட்டுத்தையலில் மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்கின்றன. அதற்கு, ஊசி துணிக்கடியில் விடும் நூல் வளையத்துக்குள் அடிநூல் புகுந்து வெளிவர வேண்டும். இதைச் செய்யும் விதத்தில்தான் தலைமுறைகள் வேறுபடுகின்றன.

சிங்கர் 27, 28 மாடல்களில் இடப்பக்கம் உள்ள நழுவுதட்டைத் திறந்தால், துப்பாக்கித் தோட்டா போன்ற நீண்ட எஃகு ஷட்டில் ஒன்று தெரியும். கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். ஊசி முழுதும் இறங்கி, இம்மியளவு மேலே எழும். அந்த நொடியில் நூல் தளர்ந்து சிறு வளையமாக விரியும். ஷட்டிலின் கூர்முனை வில்போல் வளைந்த பாதையில் வந்து வளையத்தைத் துளைத்துப் போகும். பிறகு ஷட்டில் தன் இடத்துக்குத் திரும்பும். நூறாண்டு கடந்த மெஷினிலும் இந்த அசைவு இழை பிசகாமல் நடக்கிறது. 27 முழு அளவு, 28 அதன் முக்கால் அளவு. கையால் சுற்றும் 28 மெஷின்கள் பிரிட்டனில் மிகப் பரவலானவை.

அதற்கும் முந்தைய, 1865-இல் வெளிவந்த ‘நியூ ஃபேமிலி’ மாடலில் ஷட்டில் நேர்கோட்டில் குறுக்கே ஓடும். மெஷினின் அடிப்பாகம் வயலின்போல் இடுப்பு குறுகியிருக்கும். வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் மெஷினில் அடிநூலே இல்லை. ஒற்றை நூல் சங்கிலித்தையல். நுனியைச் சரியாக முடியாவிட்டால் தையல் இழையோடு உருவிக்கொண்டு வந்துவிடும் என்பதால் போர்வைக்கு அது ஏற்றதல்ல.

வட்ட பாபின் போடும் சிங்கர் மாடல்களில் முக்கியமானவை 15, 66, 201, 221. 15-இல் பாபின் கேஸ் செங்குத்தாக, இடக்கோடியில் நிற்கும். நூலை இறுக்கும் தட்டுகளும் இடப்பக்க முகத்தகட்டில் இருக்கும். 66-இல் பாபினை மேலிருந்தே ஊசிக்குப் பக்கத்துக் குழியில் போடலாம். இறுக்கத் தட்டுகள் தைப்பவரைப் பார்த்திருக்கும். சிவப்பும் பொன்னும் கலந்த ‘சிவப்புக் கண்’ கோலம் போட்ட 66-ஐச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுகிறார்கள். 99 அதன் முக்கால் அளவுத் தம்பி. 15-இன் பாபினும் 66-இன் பாபினும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முன்னதன் பக்கங்கள் தட்டையானவை, பின்னதன் பக்கங்கள் லேசாகக் குவிந்தவை. மாற்றிப் போட்டுவிட்டு மெஷின் கெட்டுவிட்டது என்று ஒதுக்கியவர்கள் ஏராளம். 201-இல் ஊசிநூலின் வளையத்தைப் பிடிக்கும் கொக்கி முழுச் சுற்றுச் சுற்றுகிறது, உள்ளே பல்சக்கரங்கள், ஓட்டத்தில் அதிர்வு மிகக் குறைவு. ஊசிக்கும் தூணுக்கும் நடுவே சுமார் 8 அங்குல இடம் இருப்பதால், சுருட்டிய போர்வையை உள்ளே தள்ளி மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்க இது தோதானது. இந்த வரிசையில் மிகச் சிறந்த பொறியியல் படைப்பு 201 என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

புகழ் என்னவோ 221-க்குத்தான். ‘ஃபெதர்வெயிட்’ என்ற பெயரில் 1933-இல் வந்த இந்த அலுமினிய மெஷின் 11 பவுண்டு, அதாவது 5 கிலோ எடைதான். குவில்ட் வகுப்புகளுக்குப் பெட்டியில் போட்டுத் தூக்கிச் செல்லலாம். இடப்பக்கப் பலகை மடிந்து மேலே நிற்கும். பழையவற்றின் முகத்தகட்டில் கொடிக்கோலமும் பிந்தியவற்றில் நெடுக்குக் கோடுகளும் இருக்கும். சிங்கர் நிறுவனத்தின் 1951 நூற்றாண்டுச் சின்னத்தில் நீல விளிம்பும் ‘1851–1951’ என்ற ஆண்டுகளும் உண்டு. கவிழ்த்து, பெரிய திருகுமுடியைக் கழற்றினால் அடித்தகடு வரும். அதில் எண்ணெய் உறிஞ்சும் கம்பளித்துணி ஒட்டியிருக்கும். அது சுத்தமாக இருந்தால் மெஷினை யாரோ அக்கறையோடு வைத்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். கொக்கியைத் துடைத்துத் திரும்பப் பூட்டும்போது, பாபின் கேஸைத் தாங்கும் அடிப்பகுதியின் ‘விரல்’ ஊசித்தட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஊசி உடையும். தூணுக்கு முன்னுள்ள இடம் குறைவு என்பதால் துண்டு இணைக்க 221, முழுப் போர்வையை ஓட்ட 201 அல்லது 15 என்று இரண்டு வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

வயதை அறிய அடிப்பலகையில் பொறித்த வரிசை எண் உதவும். சிங்கரில் எழுத்தில்லாத வெறும் எண் 1900-க்கு முந்தையது. அதன்பின் ஓர் எழுத்து, பிறகு இரண்டெழுத்து. Y என்று தொடங்கினால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் 1921-க்கும் 1935-க்கும் இடையில் செய்தது. C என்றால் ஜெர்மனியின் விட்டன்பெர்கே. ஆனால் தகட்டிலோ துணைக்கருவிப் பெட்டியிலோ பொறித்த காப்புரிமைத் தேதி மெஷின் பிறந்த தேதி ஆகாது. மடக்குப் பெட்டியில் ‘1889’ என்று இருப்பதைக் காட்டி மெஷினுக்கும் அந்த வயதைச் சொல்லி விற்பது அடிக்கடி நடக்கிறது. கிளைட்பேங்க் ஆலை 1913-இல் மட்டும் 13 லட்சம் மெஷின்களை அனுப்பியது. ஆக, பழையது என்பதாலேயே அரியது ஆகிவிடாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் ஆலைகள் 15-ஐ மாதிரியாக வைத்து, எண்ணற்ற வணிகப் பெயர்களில், நீலமும் இளஞ்சிவப்புமாக மெஷின்களைக் குவித்தன. விலை மலிவு, வேலை உறுதி. நம் ஊர் வீடுகளிலும் தையல் கடைகளிலும் நிற்கும் கறுப்பு மெஷின்களில் பலவும் இதே குடும்பம்தான். பரணில் தூசி படிந்து கிடக்கும் பாட்டி காலத்து மெஷின் அமெரிக்கக் குவில்ட்காரர் தேடும் பொருளின் உடன்பிறப்பாக இருக்கலாம். எந்திரமோகத்தைக் கடுமையாக எதிர்த்த காந்தியும் 1924-இல் சிங்கர் மெஷினுக்கு விலக்கு அளித்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம்.

வாங்கும் முன் ஊசியைக் கேட்டறிவது அவசியம். 15, 27, 66, 201, 221 எல்லாம் இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும் 15x1 ஊசியையே எடுத்துக்கொள்ளும். நியூ ஃபேமிலி, வில்காக்ஸ் போன்றவற்றுக்கு ஊசி கிடைப்பது பெரும்பாடு. ஷட்டிலும் பாபின் கேஸும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை இல்லாத மெஷினைக் குறைந்த விலைக்கு வாங்கினாலும் பாகங்களைத் தேடியே பணம் போய்விடும். சக்கரம் இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகிப் போயிருக்கும். புது எண்ணெய் விட்டு இரண்டொரு நாள் ஊறவிட்டால் அசையும். மோட்டார் உள்ளதில் ஒயரின் மேலுறை பொடிந்திருந்தால் மாற்றாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. அமெரிக்க மெஷின் 110 வோல்ட். நம் 230 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

கறுப்புப் பூச்சின் மேல் உள்ள பொன்கோலத்தைக் காப்பது தனி வேலை. அதன்மீது பூசிய அரக்கு மெருகு ஆல்கஹாலில் கரையும். ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்தாலும் கோலம் மங்கும். தையல் எண்ணெய் தோய்த்த மெல்லிய பருத்தித் துணியே போதும். பல்சக்கரத்துக்கு கிரீஸ், உராயும் மற்ற இடங்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய். சமையல் எண்ணெய் கூடவே கூடாது. துடைத்து முடித்ததும் புது ஊசி மாட்டி, இரண்டு அடுக்குப் பருத்தித் துணியில் பத்து அங்குலம் தைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் தையல் ஒன்றுபோல் இருந்தால் பஞ்சுப் படலத்தை நடுவில் வைத்து மறுபடி தைக்கலாம். அடியில் நூல் வளையம் தொங்கினால் முதலில் மேல்நூலைக் கழற்றி, பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மீண்டும் கோக்க வேண்டும். இறுக்கத் திருகைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.