கறிவேப்பிலையில் ஓர் அழகி

வாடிப்பட்டிப் பக்கம் கொல்லையில் கறிவேப்பிலை இல்லாத வீடு குறைவு. தாளிக்கக் கொத்துப் பறிக்கப் போகும்போது இளம் இலைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குருவி எச்சமிட்டுப் போனதுபோலக் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருக்கும். தொட்டால் நெளியும். எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது.

எச்சத்தை எந்தக் குருவி கொத்தும்? அந்த நம்பிக்கையில்தான் புழு இலைமேல் வெட்டவெளியில் கிடக்கிறது. உடல் பெருத்தபின் இந்த வேஷம் எடுபடாது. நான்காம் முறை தோலுரித்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். இதன் உறவுப் பூச்சி ஒன்றை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர்கள், உடம்பில் இளமை ஹார்மோன் குறைவதே இந்த நிறமாற்றத்தைத் தூண்டுகிறது என்று 2008இல் கண்டறிந்தார்கள்.

சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற கொம்பு நீளும், நெடி அடிக்கும். பயப்பட வேண்டாம், கொட்டாது. கறிவேப்பிலை அழகி என்ற இன்னொன்றின் புழுவும் இதே செடியில் இருக்கும். அதன் கொம்பு நல்ல சிவப்பு, இதனுடையது ஆரஞ்சு.

பிறகு நூலால் அரைஞாண் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் பச்சையாகவும் காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் இருப்பதால் கண்ணில் படுவது அரிது.

வளர்ந்த பூச்சியை அடையாளம் காண்பது எளிது. கறுப்பு இறகெங்கும் வெளிர்மஞ்சள் திட்டுகள். பின்னிறகின் உள்மூலையில் செங்கல் நிறப் பொட்டு. விரித்தால் 8 முதல் 10 சென்டிமீட்டர். அழகிகளில் பலவற்றுக்கு வால் உண்டு, இதற்கு இல்லை. பூவில் தேன் குடிக்கும்போதுகூட இறகடிப்பதை நிறுத்தாது. பேரணையிலிருந்து வரும் பெரியாறு கால்வாயில் தண்ணீர் ஓடும் நாட்களில், கரையின் ஈரமண்ணில் ஆண்பூச்சிகள் உப்புச்சத்து உறிஞ்சுவதைப் பார்க்கலாம். பெண்ணோ இலையை முன்னங்கால்களால் தட்டிச் சுவைபார்க்கும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை என்று உறுதியானால்தான் முட்டையிடும்.

எலுமிச்சை நாற்று வைத்திருப்பவர்களுக்கு இது தொல்லைதான். நாலைந்து புழு சேர்ந்தால் சின்னக் கன்றை மொட்டையடித்துவிடும். 2004இல் கரீபியன் கடலின் டொமினிக்கன் குடியரசில் இது முதன்முறை தென்பட்டபோது அங்கிருந்த எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் கவலைப்பட்டதும் இதனால்தான். ஆனால் ஆளுயரம் வளர்ந்த கறிவேப்பிலை பத்துப் புழுவைத் தாங்கும், சீக்கிரமே துளிர்த்துக்கொள்ளும். அதற்கு எதற்கு மருந்து? நாமும் அந்த இலையைத்தானே குழம்பில் போடுகிறோம்! எங்கள் வீட்டில் புழு இருக்கும் கொத்தை விட்டுவிட்டு அடுத்த கொத்தைத்தான் பறிப்போம்.