ஒரு ஃப்ரெட் தூரத்தில் இருட்டு

"டார்க்கா ஒரு ரிஃப் போடணும், எந்த ஸ்கேல் கத்துக்கணும்?" கிட்டார் கத்துக்கிறவங்க நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம். கிட்டார் பக்கத்தில் இருந்தா எடுத்துக்கோங்க.

தடிமனான ஆறாவது கம்பி, அதாவது லோ ஈ. அதை ஓப்பனா மீட்டுங்க. அடுத்து முதல் ஃப்ரெட். திரும்ப ஓப்பன். ரெண்டே ஸ்வரம்தான், ஆனா ஏதோ நடக்கப் போகுதுன்னு தோணும். மேஜர், மைனர் ரெண்டு ஸ்கேலிலும் இரண்டாவது ஸ்வரம் 2 ஃப்ரெட் தள்ளி இருக்கும். இங்கே ஒரே ஃப்ரெட்டில் ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்த நெருக்கத்தைத் தெளிவா கேட்கணுமா? மெல்லிய முதல் கம்பியை ஓப்பனாவும், இரண்டாவது கம்பியை 6வது ஃப்ரெட்டிலும் சேர்த்து மீட்டுங்க. ஒண்ணு சுமார் 330 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 349. ரெண்டும் உரசி ஒரு கரகரப்பு வரும். பதற்றம் அங்கேதான் பிறக்குது.

இப்போ மறுபடியும் ஆறாவது கம்பி. 0, 1, 3, 5, 7, 8, 10. இது ஃப்ரிஜியன், மெட்டலில் அதிகம் புழங்குற ஸ்கேல். இதில் 3ஐ 4 ஆக்கினா ஃப்ரிஜியன் டாமினன்ட். உடனே ஃப்ளமெங்கோ வாடை வரும். அதோட 10ஐயும் 11 ஆக்கினா டபுள் ஹார்மோனிக். 'பல்ப் ஃபிக்‌ஷன்' டைட்டிலில் ஒரு கிட்டார் சீறிக்கிட்டு வருமே, டிக் டேல் 1962ல் வாசிச்ச 'மிசர்லூ', அது இந்த ஸ்கேல்தான்.

கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். ஏன்னா அந்தக் கடைசி ஸ்கேலோட ஸ்வரங்கள் அப்படியே மாயாமாளவகௌளை! குழந்தைகள் முதன்முதலா பாடுற சரளி வரிசை. முதல் ரெண்டுக்கும் ஜோடி உண்டு: அனுமத்தோடி, வகுளாபரணம். கமகம் சேர்ந்தாதான் ராகம், அதனால ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிட முடியாது. ஆனா ஸ்வரங்கள் அதேதான்.

அப்போ ஒரு இடத்தில் பாலபாடமா இருக்கிறது இன்னொரு இடத்தில் எப்படி மிரட்டுது? எந்த ஸ்வரத்தில் நிக்கறோம், எவ்வளவு நேரம் நிக்கறோம், இதுதான் விஷயம். பிளாக் சபாத்தோட 1970 முதல் ஆல்பம், முதல் பாட்டு. டோனி அயோமியோட அந்த ரிஃப்பில் அடிப்படையா மூணு ஸ்வரம்தான்: ஜி, மேல் ஸ்தாயி ஜி, ரெண்டுக்கும் சரியா நடுவில் சி ஷார்ப். மெதுவா வந்து, அந்த சி ஷார்ப்பில் நிக்கும். வீட்டுக்குத் திரும்பாம வாசல்லயே நிக்கிற மாதிரி.

அதனால ஸ்கேலை ஏறி இறங்கி மனப்பாடம் பண்றதோட நிறுத்தாதீங்க. ஆறாவது கம்பியை ஓப்பனா ஒலிக்க விடுங்க, நம்ம தம்புரா மாதிரி. மேலே நாலாவது கம்பியில் 2, 3, 5 ஃப்ரெட் மட்டும். 3ல் போய் நில்லுங்க. 2க்கு இறங்கணும்னு கை துடிக்கும். இன்னும் ரெண்டு எண்ணிக்கை பொறுத்து இறங்குங்க.

ஒரு நிமிஷம் இதை மட்டும் ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.