மாற்றிய என்ஜின் சுற்றவில்லையா?

பழைய என்ஜினை இறக்கி, வேறொன்றை ஏற்றியாயிற்று. ஆயில் ஊற்றி, பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். சில நேரம் அதுவும் இல்லை. ஜாம் ஆன என்ஜினைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். வேலையின்போது நாம் கழற்றி மாட்டிய இடங்களில்தான் முதலில் தேட வேண்டும்.

இங்கே பேசுவது செல்ஃப் போட்டும் சுற்றாத என்ஜினைப் பற்றி. சுற்றியும் ஸ்டார்ட் ஆகாதது வேறு கதை. அதற்குப் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி, என்ஜின் கையால் சுற்றுகிறதா என்பது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீளமான கைப்பிடியோடு சாக்கெட் மாட்டி, என்ஜின் ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பெரும்பாலான கார்களில் அது கடிகாரமுள்ளின் திசை. இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்து, பிளக் துளையிலிருந்து எதுவும் பீய்ச்சி அடிக்காவிட்டால் என்ஜின் ஜாம் ஆகவில்லை. கோளாறு ஒயரிங்கிலோ பேட்டரியிலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்கிறது.

அங்கே எனக்கு முதல் சந்தேகம் எர்த் ஒயர் மேல்தான். என்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. செல்ஃப் மோட்டாருக்குத் தனி நெகட்டிவ் ஒயர் பெரும்பாலும் கிடையாது, என்ஜின் பிளாக்தான் அதற்கு எர்த். பிளாக்கிலிருந்து பாடிக்கோ பேட்டரிக்கோ போகும் தடித்த ஒயரை மாட்ட மறந்தாலோ, பெயின்ட் அடித்த இடத்தின் மேல் அப்படியே முடுக்கினாலோ, நூறு ஆம்பியருக்கு மேல் ஓடவேண்டிய கரன்ட்டுக்குப் பாதை இல்லை. ஹெட்லைட்டும் ஹாரனும் பாடியிலிருந்தே எர்த் எடுப்பதால் நன்றாக வேலை செய்யும், பார்ப்பவர் ஏமாந்துபோவார். சாவியைத் திருப்பும்போது ஆக்சிலரேட்டர் கேபிளோ கியர் கேபிளோ சூடானால் சந்தேகமே வேண்டாம், கரன்ட் அந்தக் கேபிள் வழியாகத் திரும்புகிறது.

கழற்றிய பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லையென்றால், ஜம்பர் கேபிளால் பேட்டரி நெகட்டிவையும் பிளாக்கையும் இணைத்துச் செல்ஃப் போட்டுப் பாருங்கள்.

எர்த் சரியென்றால் பேட்டரி. சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் போடும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் ஏற்றுங்கள். அடுத்து, செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர். சாவியைத் திருப்பும்போது அதில் 12 வோல்ட்டை ஒட்டி வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் காரில் நியூட்ரல் சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

கையாலும் சுற்றவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள். டைமிங் தப்பியிருந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து நிற்கும். மீறிச் சுற்றினால் வால்வு வளையும். முதலில் வெளியே ஓடும் பெல்ட்டைக் கழற்றுங்கள் (டைமிங் பெல்ட்டை அல்ல), ஏசி கம்ப்ரஸரோ ஆல்டர்னேட்டரோ பிடித்திருக்கலாம். பிளக் இருந்தபோது நின்று, எடுத்தபின் சுற்றினால் சிலிண்டருக்குள் தண்ணீரோ பெட்ரோலோ ஆயிலோ நிற்கிறது என்று பொருள். பிளக் துளையிலிருந்து பீய்ச்சி அடிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பிளக்கைத் திரும்ப மாட்டக் கூடாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் கார் என்றால் டார்க் கன்வெர்ட்டரைக் கட்டாயம் பாருங்கள். அது கியர்பாக்ஸுக்குள் முழுதாக இறங்காத நிலையில், போல்ட்டை முடுக்கியே என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒட்டவைத்தால், ஆயில் பம்ப் நசுங்கி என்ஜினும் இறுகும். அந்த போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தியதும் என்ஜின் சுற்றினால் காரணம் அதுதான். எவ்வளவு செலவானாலும் கியர்பாக்ஸை இறக்கிப் பம்பைப் பார்த்தே ஆக வேண்டும்.

வெகுநாள் கிடந்த என்ஜினில் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒருநாள் ஊறவைத்துச் சுற்றிப் பாருங்கள். எந்த நிலையிலும் காரைக் கயிறு கட்டி இழுத்து, கியரில் போட்டுச் சுற்றவைக்கச் சம்மதிக்காதீர்கள். இனிச் சென்னைப் புதுப்பேட்டையிலோ வேறெங்கோ பழைய என்ஜின் வாங்கினால், கடையிலேயே புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.